படிக்காமல் பார்க்க வேண்டிய மூன்றாம் பக்கம்

அந்த நாளிதழ் அலுவலகத்தின் கூட்ட அறையில், முதலாளியின் படத்துக்கு நேர் எதிரே ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். "இங்கே படிக்கக் கூடாது" என்று அதில் எழுதியிருந்தது. முன்பு அதே இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்ற பலகை இருந்தது. அதைக் கழற்றிவிட்டார்கள். புகைபிடித்தால் ஒருத்தருடைய நுரையீரல்தான் கெடும், படித்தால் பக்கத்தின் வடிவமே கெட்டுவிடும் என்று கழற்றச் சொன்னவர் விளக்கமும் கொடுத்தார்.

விளக்கம் கொடுத்தவர் உந்துதல் ஆலோசகர். பத்திரிகைக்குச் செய்தியாளர், ஆசிரியர், பிழை திருத்துபவர் எல்லாரும் இருந்தார்கள். உந்துதல் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. அதைக் கொடுக்க இவரை வரவழைத்தார்கள். எந்தப் பக்கத்தையும் அவர் கிட்டத்தில் போய்ப் பார்த்து யாரும் கண்டதில்லை. அறையின் அந்தக் கோடிக்குப் போய், இமைகளைப் பாதி இறக்கி, தலையைச் சாய்த்து, மூக்கால் மோப்பம் பிடிப்பவர் மாதிரி நிற்பார். வந்த முதல் வாரமே அலுவலகம் அவருக்கு அரைக்கண் என்று பெயர் வைத்துவிட்டது.

இவர் ஏன் வந்தார் என்றால், அது முதலாளியின் குடும்ப விஷயம். போட்டிப் பத்திரிகையை நடத்தியவர் முதலாளியின் சம்பந்தி. அந்தச் சம்பந்திக்குப் பத்திரிகை வடிவமைப்புப் போட்டியில் ஒரு கண்ணாடிக் கோப்பை கிடைத்திருந்தது. மகளைப் பார்க்க முதலாளி போகும்போதெல்லாம் அந்தக் கோப்பையை மேஜை நடுவில் வைத்து, அதைச் சுற்றித்தான் பலகாரத் தட்டுகளை வைத்தார்கள். போன முறை குடிக்கத் தண்ணீரையே அந்தக் கோப்பையில் கொடுத்தார்கள். முதலாளி குடித்தார், புரையேறியது, வீட்டுக்கு வந்ததும் ஆலோசகரைக் கூப்பிட்டார்.

நம் ஆள் கட்டம். பக்கங்களை அமைப்பவர். ஒரு செய்தியை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் அதைச் சுற்றி நாலு கோடு போட்டுக் கட்டம் ஆக்கிவிடுவார். அதனால் வந்த பெயர். நல்ல மனிதர்தான். யார் எது கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவார். ஆலோசகர் வந்த பிறகு தலையாட்டும் வேலை மிகவும் கூடிவிட்டது.

"வாசகர் எதுக்குப் பேப்பர் வாங்கறார்?" என்று முதல் கூட்டத்தில் ஆலோசகர் கேட்டார்.

"செய்தி படிக்க" என்றார் செய்தி ஆசிரியர். வயதானவர், அதனால் இன்னும் இப்படியெல்லாம் நம்பிக்கொண்டிருந்தார்.

"இல்ல. இளைப்பாற வாங்கறார். பாவம், உங்க பேப்பரைப் பிரிச்சா எங்க பாத்தாலும் செய்தி. ஒரு மனுஷன் எங்கேதான் உட்காருவான்? நான் இருபது நாட்டுல பத்திரிகை பண்ணியிருக்கேன். ஒரு நாட்டோட பாஷையும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இவ்வளவு நல்லா பண்ணியிருக்க முடியாது."

எல்லாரும் கை தட்டினார்கள். கட்டமும் தட்டினார்.

திங்கட்கிழமைதோறும் உந்துதல் நேரம் என்று ஒன்று வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன்னை உந்திய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்க வேண்டும். குற்றச்செய்திப் பக்கத்துக்காரர் ஒரு கூழாங்கல் கொண்டுவந்தார். விளையாட்டுப் பக்கத்துக்காரர் ஒரு காய்ந்த இலை. சினிமாப் பக்கத்துக்காரர் மூன்று வாரமாக ஒரே உடைந்த கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்தார். "ஒவ்வொரு வாரமும் வேற மாதிரி உந்துது சார்" என்றார். அதுவும் ஏற்கப்பட்டது.

ஒரு திங்கட்கிழமை கட்டத்துக்கு அந்த நினைவே இல்லை. மழையில் நனைந்து, நேரமாகி, மூச்சிரைக்க ஓடிவந்தார். சொட்டிக்கொண்டிருந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பத்திரிகை ஆபீஸில் எல்லாரும் செய்வதைச் செய்தார்: பழைய மூன்றாம் பக்கத் தாள் ஒன்றைத் தரையில் விரித்து அதன்மேல் குடையைச் சாய்த்தார். குடை நுனியிலிருந்து வடிந்த நீர் தாளின் நடுவில் வட்டமாக ஊறிப் பரவி, அங்கிருந்த மந்திரி ஒருவரின் பேச்சை முழுவதுமாக அழித்துவிட்டது.

ஆலோசகரின் பார்வை அங்கே போனது. இமைகள் இறங்கின.

"இது யாரோடது?"

"என் குடைதான் சார். இப்பவே துடைச்சிடறேன்."

"தொடாதீங்க!"

கட்டம் குனிந்தபடியே நின்றுவிட்டார். ஆலோசகர் அறைக் கோடிக்குப் போனார், கதவைத் திறந்து நடைக்கும் போனார், அங்கிருந்து பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் கம்மியிருந்தது.

"உலகத்துல எல்லாரும் பக்கத்துல எதையாவது வைக்கறாங்க. இவர் ஒருத்தர்தான் எடுத்திருக்கார். மூணாம் பக்கத்து நடுவுல வட்டம். வட்டத்துக்குள்ள ஒண்ணும் கிடையாது."

"அங்க வரவேண்டிய செய்தி?" என்றார் செய்தி ஆசிரியர்.

"அதுதான் இளைப்பாறுது."

இப்படியாகக் கட்டம் ஒரே காலையில் தலைமை வடிவமைப்பாளர் பதவிக்கு உயர்ந்தார். மாலையில் வீட்டுக்குப் போகும்போது குடையைக் கேட்டார். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். நனைந்துகொண்டே போனார்.

வட்டம் வந்ததும் ஒரு சங்கடமும் கூடவே வந்தது. சுற்றி எழுத்து ஓட வேண்டும். மேல் வரி நீளம், நடு வரி இரண்டு துண்டு, கீழ் வரி மறுபடி நீளம். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் வட்டத்துக்குப் பல் முளைத்ததுபோல் தெரியும். மாதிரிப் பக்கத்தை நிரப்ப முதலில் கணினியோடு வந்த அந்நிய எழுத்தை ஊற்றிப் பார்த்தார்கள். "நம்ம எழுத்தோட சுழிப்பு இதுல இல்ல" என்று ஆலோசகர் தள்ளிவிட்டார். போன மாதச் செய்தியைப் போட்டார்கள். அதை முதலாளியின் உதவியாளர் தவறுதலாகப் படித்துவிட்டு, தன் மாமனார் கைதான செய்தி அது என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"கட்டம், நீங்களே ஏதாவது எழுதிடுங்க" என்றார் ஆலோசகர். "வட்டத்துக்கு அளவா. என்ன வேணா எழுதுங்க. யாரும் படிக்கப் போறதில்ல."

யாரும் படிக்கப் போவதில்லை என்றால் ஒரு மனிதன் எதை எழுதுவான்? மனதில் கிடப்பதைத்தான் எழுதுவான். கட்டத்தின் மனதில் அப்போது கிடந்தது அவர் வீட்டு முன்னறைச் சுவர்.

அந்தச் சுவருக்கு ஒரு முன்கதை உண்டு. பத்திரிகையின் வார இணைப்பில் "இந்த ஆண்டின் நிறம்" என்று ஒரு கட்டுரை வந்தது. பக்கம் அமைத்தவர் கட்டமே. புதிதாகப் பக்கம் போட யாருக்கு நேரம்? முந்தின வாரப் பக்கத்தையே எடுத்து எழுத்தை மட்டும் மாற்றினார். முந்தின வாரம் அதே இடத்தில் கத்தரி விதை விளம்பரம் இருந்தது. கட்டுரை ஈர மணல் நிறத்தைப் புகழ்ந்து உருகியது. மேலே இருந்த வண்ணப் பெட்டி மட்டும் கத்தரிக்காய் நிறத்திலேயே நின்றுவிட்டது. பெட்டி ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் கட்டம் பார்த்தார். இருந்தது. பக்கம் அச்சுக்குப் போனது.

அவர் மனைவி அந்தப் பெட்டியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனாள். தங்கச்சியைத் துணைக்குக் கூப்பிட்டு, ஏணி போட்டு, தலையில் துணி கட்டி, விடுமுறையெல்லாம் செலவழித்து முன்னறை நாலு சுவரையும் தானே அடித்து முடித்தாள். வேலை முடிந்த அன்று கட்டம் வீட்டுக்குள் நுழைந்தார். அந்த நிறத்தை எங்கே பார்த்தோம் என்று அவருக்கு ஒரு நொடியில் புரிந்துபோனது.

"எப்படிங்க இருக்கு?" என்றாள், மூக்கெல்லாம் பெயிண்டுடன்.

"பிரமாதம்" என்றார்.

சொல்லிவிட்டு மென்று முழுங்கினார். முழுங்கியது அப்படியே நெஞ்சில் நின்றது. இப்போது வட்டத்தைச் சுற்றி அது வழிந்தது:

"எங்கள் வீட்டு முன்னறை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. புதுக் கத்தரிக்காய்கூட இல்லை, கூடையின் அடியில் கிடந்து சொத்தையானது. விளக்கைப் போட்டாலும் போடாத மாதிரி இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு, உள்ளறைக்குப் போய்த்தான் கண் திறக்கிறேன். மனைவி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிரமாதம் என்று சொன்னேன். அன்றிலிருந்து தினமும் சொல்கிறேன். இது இந்த ஆண்டின் நிறமே அல்ல. தவறான நிறத்தைப் பெட்டியில் விட்டவன் நான். என் தப்பை என் மனைவி வீடு முழுக்கப் பூசிவிட்டாள், அதை நான் பாராட்டிக்கொண்டிருக்கிறேன்."

வட்டம் முடியும்வரை இந்தப் புலம்பல் ஓடியது. அளவு அச்சாகப் பொருந்தியது. கட்டத்துக்கும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. காசு செலவில்லாமல் அழுது தீர்த்த சுகம்.

பிறகு பரிசீலனை நடந்தது. பக்கத்தைச் சுவரில் நேராக மாட்டிப் பார்த்தார்கள். தலைகீழாக மாட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியில் காட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் குழு முழுவதும் மொட்டை மாடிக்குப் போய், கீழே வாசலில் காவலாளி பக்கத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க, மேலிருந்து பார்த்தார்கள். "காவலாளி தெரியறார், பக்கம் தெரியல, அதுதான் எளிமை" என்று ஆலோசகர் குறிப்பெழுதச் சொன்னார். யாராவது படித்துவிட்டால் என்ன ஆகும் என்று கட்டம் முதலில் ஒவ்வொரு கூட்டத்திலும் பயந்தார். யாரும் படிக்கவில்லை. மெல்ல மெல்ல அவருக்குத் துணிவு வந்து, தன் கையெழுத்தையே போட்டிருக்கலாமோ என்றுகூட நினைத்தார்.

அந்தத் துணிவு ஒரு புதன்கிழமை பகலில் உடைந்தது. நடையில் எதிரே வந்த ஆலோசகர் கட்டத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"போட்டிக்கு நம்ம பக்கத்தை அனுப்பியாச்சு!"

"எந்தப் பக்கம் சார்?"

"உங்க பக்கம்தான். கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சுது. செய்தி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா? மாதிரியையே அனுப்பிட்டேன். நாளைக்குப் புது வடிவத்துல பேப்பர் வருது. அதே பக்கம் வரும்."

"செய்தி மாத்தி வரும்ல சார்?"

"எப்படி மாத்தறது? போட்டி விதி இருக்கே. அனுப்பின பக்கமும் அச்சுல வந்த பக்கமும் ஒரு எழுத்து பிசகாம ஒண்ணா இருக்கணும். போன வருஷம் சில பேர் அச்சடிக்காத பக்கத்தை அனுப்பி ஏமாத்தினாங்களாம். என்ன அநியாயம் பாருங்க."

கட்டத்துக்கு மனைவியின் நினைவு வந்தது. அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை செய்பவள். மருத்துவர்களின் கையெழுத்தையே படிக்கிறவள். பேப்பரைத் தலைப்பிலிருந்து தொடங்கி, கடைசிப் பக்கத்து அடியில் அச்சிட்ட இடத்தின் முகவரிவரை ஒரு வரி விடமாட்டாள். கணவன் வேலை செய்யும் பத்திரிகை என்பதால் இன்னும் பெருமையாகப் படிப்பாள். அவள் பெயிண்ட் மூக்கோடு நின்று "எப்படிங்க இருக்கு?" என்று கேட்ட முகம் அவருக்குத் தெரிந்தது. அந்த முகம் நாளைக் காலை வாடப்போகிறது.

"சார், அது செய்தி இல்ல. சும்மா நிரப்ப நான் எழுதினது."

"உங்க அடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு."

"அதுல எங்க வீட்டுச் சுவர் இருக்கு சார்!"

"பாத்தீங்களா! அதனாலதான் அந்தப் பத்தி அவ்வளவு உறுதியா நிக்குது."

"ஒரே ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார், கையெடுத்துக் கும்பிடறேன்."

நடையில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஆலோசகரின் முகம் சிவந்தது. நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போலிருந்தது. "இத்தனை நாள் கூட வேலை செஞ்சீங்க. என்னைப் போய் இப்படிக் கேக்கலாமா?" என்றார் மெதுவாக.

கட்டம் முதலாளியிடம் ஓடினார். முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நான் படிக்கறதா? நான் பத்திரிகை முதலாளிப்பா. நானே படிச்சா இத்தனை பேருக்கு எதுக்குச் சம்பளம்? அந்தக் கோப்பை என் வீட்டு மேஜைக்கு வரணும். என் சம்பந்தி அதுல தண்ணி குடிக்கணும். அதுக்கு முன்னாடி உன் வீட்டுச் சுவர் ஒரு சுவரா?"

கடைசி முயற்சியாகக் கட்டம் தன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் "மனைவி" என்று இருந்த இடத்திலெல்லாம் "பக்கத்து வீட்டுக்காரர்" என்று மாற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு வந்து ஏன் சுவர் அடிக்கிறார் என்ற கேள்வி வரும்தான், வந்தால் வரட்டும். ஆனால் வரிகள் நீண்டு வட்டத்துக்கு வலப்பக்கம் மூன்று பல் முளைத்தது. நடையின் கோடியில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்த ஆலோசகர் சட்டென்று திரும்பினார்.

"யாரோ எதையோ தொட்டிருக்கீங்க!"

அந்த மனிதர் ஒன்றும் சாதாரணமானவர் அல்ல. அதைச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வெளியேறினார், மனைவி திரும்பி வந்தாள்.

சாயங்காலம் செய்தி ஆசிரியர் தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் உடைந்துவிட்டது. ஐந்து தெருக்களுக்கு இரண்டு நாள் தண்ணீர் வராது. எல்லாரும் இப்போதே பிடித்துவைக்க வேண்டும்.

"மூணாம் பக்கத்துல போடணும்" என்றார்.

"மூணாம் பக்கம் நிறைஞ்சாச்சே" என்றார் ஆலோசகர். "அதுல ஒரு சுவர் இருக்குன்னு கட்டம் சொன்னார்."

"சுவரா? சார், அஞ்சு தெரு!"

"மத்த பக்கத்துலயும் வடிவம் முடிவாயிடுச்சு. மூணு தெருன்னா எங்கயாவது உட்காருமா பாக்கலாம். மீதி ரெண்டு தெருவை அடுத்த வாரம் போடுங்களேன்."

"அடுத்த வாரம் தண்ணி வந்துடும்!"

"அப்ப போடவே வேண்டாமே, இன்னும் நல்லது." பிறகு செய்தி ஆசிரியரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். "சரி, தண்ணி வராதுன்னா அது ஒரு மாதிரி வறட்சிதானே. வானிலைக்குக் கீழ ஒரு வரி போடுங்க."

அப்படியே போட்டார்கள். "வானம் தெளிவாக இருக்கும். சில தெருக்களில் தண்ணீர் இருக்காது."

மறுநாள் விடிந்ததும் கட்டம் வாசலுக்கு ஓடிப்போய்ப் பேப்பரை எடுத்தார். மூன்றாம் பக்கம் இருந்த தாளைக் கிழித்து, மடித்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டார். மீதியை ஒழுங்காக அடுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எதிரே உட்கார்ந்தார். மனைவி முதல் பக்கம் படித்தாள், இரண்டாம் பக்கம் படித்தாள், புரட்டினாள்.

"ஏங்க, ரெண்டுக்கு அப்புறம் அஞ்சு வருது. உங்க ஆபீஸ்ல எண்ணறதுக்கும் ஆள் இல்லையா?"

"புது வடிவம்" என்றார் கட்டம். சட்டைக்குள் தாள் சரசரத்தது.

அப்போது கதவைத் தட்டினார்கள். மேல்வீட்டு அம்மா. கையில் அதே பேப்பர், மூன்றாம் பக்கம் வெளியே தெரிய மடித்திருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றி, இருவரையும் தாண்டிச் சுவரையே பார்த்தார்.

"இதுதானா அது? நான் சொத்தைன்னு சொல்ல மாட்டேன். நல்ல கத்தரிக்காய்தான்."

மனைவி கையை நீட்டினாள். பேப்பர் கைமாறியது. மேல்வீட்டு அம்மா போக மனமில்லாமல் போனார்.

மனைவி நின்றபடியே படித்தாள். வட்டத்தின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தாவித் தாவி, ஒரு வரி விடாமல் படித்தாள். கட்டம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குமேல் வெள்ளம் போயாகிவிட்டது, இனி சாண் என்ன, முழம் என்ன.

"எழுத்துல ஈர மணல்னு இருந்துச்சு, பெட்டியில கத்தரிக்காய் இருந்துச்சு" என்றாள் கடைசியில். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா?"

"படிக்கறவளுக்குத் தெரியாதா? பெயிண்ட் கடையில ரெண்டையும் எடுத்துக் காட்டச் சொன்னேன். ஈர மணலைப் பாத்தா எனக்குத் தூக்கம் வந்துச்சு. கத்தரிக்காய் பிடிச்சுது, அடிச்சேன். உங்க தப்பை நான் எதுக்குப் பூசறேன்? அது என் சுவர்."

கட்டத்துக்கு உயிர் வந்தது. "அப்ப கோவம் இல்லையா?"

"இல்லாம? எத்தனை தடவை கேட்டேன், எப்படி இருக்குன்னு? பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்போம், முடிஞ்சிருக்கும். ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் சொன்னீங்க. எங்கிட்ட மட்டும் சொல்லல."

அவள் குரல் கடைசியில் உடைந்தது. கட்டத்துக்கு அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை.

"யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் இருக்கேன்ல?" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டாள்.

அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று கேட்டவர்கள் பாதிப் பேர். எங்கள் வீட்டிலும் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அடித்தோம், இப்போது என்ன செய்வது என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஐந்து தெருக்காரர்கள் காலிக் குடத்தோடு நின்றுகொண்டு கூப்பிட்டுக் கத்தினார்கள். எல்லா அழைப்பும் வட்டத்துக்குக் கிடைத்த வரவேற்பு என்று ஆலோசகர் சேர்த்துக்கொண்டார். பத்து மணிக்குச் சம்பந்தியே முதலாளியைக் கூப்பிட்டு, "அப்புறம் அந்த அம்மா என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டார். முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இளைப்பாறினார் என்றே சொல்லலாம்.

உடனே கூட்டம் கூடியது. நாளைய மூன்றாம் பக்கத்துக்கும் அதே மாதிரி எழுத்து வேண்டும் என்றார் முதலாளி.

"என்னால முடியாது சார்" என்றார் கட்டம். அந்த அறையில் அவர் முதல்முறையாகத் தலையை ஆட்டாமல் பேசினார். "இன்னும் ஒண்ணு எழுதினா நான் வீட்டுக்குள்ள போக முடியாது."

"யார் எழுதினா என்ன? வடிவம்தான் முக்கியம்" என்றார் ஆலோசகர்.

"அப்படின்னா நான் எழுதினது இருக்கு" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

மருந்துக் கடை வெள்ளை அங்கியோடு கட்டத்தின் மனைவி நின்றாள். கடையில் காலையிலிருந்து மாத்திரை வாங்க வந்தவர்களெல்லாம் சுவரைப் பற்றியே கேட்டார்களாம். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி வாய் வலித்து, எழுதியே கொடுத்துவிடலாம் என்று உணவு இடைவேளையில் வந்துவிட்டாள். யாரையும் கேட்காமல் மேஜையின் தலைப்பக்கத்துக்குப் போய், தாளைப் பிரித்தாள். அங்கே மாட்டியிருந்த "படிக்கக் கூடாது" பலகையை அவளும் பார்த்திருப்பாள். அவள் கண்ணில் படாத எழுத்து ஏது? இருந்தும் உரக்கப் படித்தாள்.

"முதலில் ஒரு விஷயம். பெரிய குழாய் உடைந்திருக்கிறது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும், வானிலைக்குக் கீழே ஒரு வரியில் ஒளித்துவைத்தார்கள். தண்ணீர் வராத தெருக்கள் இவை." ஐந்து தெருவையும் சொன்னாள். லாரித் தண்ணீர் எந்த முனையில் எப்போது வரும் என்றும் சொன்னாள். கடைக்கு வந்தவர்களைக் கேட்டே தெரிந்துகொண்டிருந்தாள். செய்தி ஆசிரியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இனி சுவர். சுவர் அப்படியேதான் இருக்கும். நிறம் என்னுடைய தேர்வு, யாருடைய தப்பும் அல்ல. அது பிடிக்காதவர் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், நானே பிடித்துத் தூக்குகிறேன். ஆனால் இனிமேல் பிரமாதம் என்று சொல்லக் கூடாது. எனக்கு இருபது வருஷமாக ஒரே கணவர். அவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பேப்பர் வாங்கித் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை."

அறையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். குற்றச்செய்திப் பக்கத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டம் வெட்கத்தில் சிவந்துபோய், அதே சமயம் இவள் என் மனைவி என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போலத் தவித்தார்.

"அப்புறம்?" என்றார் முதலாளி.

"அவ்வளவுதான்."

ஆலோசகர் மட்டும் சிரிக்கவில்லை. அறைக் கோடியிலிருந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நீளம்" என்றார். "வட்டத்தைச் சுத்தி உட்காராது. அந்த அஞ்சு தெருவை எடுத்துடலாம்."

"வட்டத்தைச் சின்னதாக்குங்க" என்றாள் கட்டத்தின் மனைவி.

ஆலோசகர் தள்ளாடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, வட்டம் சின்னதானா வாசகர் எங்க இளைப்பாறுவார்?"

"நாங்க இளைப்பாறிட்டுதாங்க பேப்பரைக் கையில எடுக்கறோம்."

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கண்ணை முழுவதுமாக மூடிக்கொண்டார். கட்டம் யாரையும் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த கணினியைத் தன் பக்கம் திருப்பி, மனைவியின் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு தடவை படித்து, அப்படியே பக்கத்தில் தட்டச்சு செய்தார். பிறகு வட்டத்தின் விளிம்பைப் பிடித்து, ஐந்தாவது தெருவும் பக்கத்துக்குள் வந்து உட்காரும்வரை இழுத்துச் சுருக்கினார்.